அள்ளச் சொல்வது யார்

நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில்
முதலாளி அர்த்தநாரி வரைந்து தந்த படத்தில்
எல்லாக் கோடும் அவரிடமே போய் முடிந்தது.
கிழங்கு எடைமேடை, அரவை, பால் தொட்டி,
வறுவல், களம், சாக்கு, லாரி, டீக்கணக்கு உட்பட
பதினேழு கோடுகள்.
நாலு காம்புக்குப் பதினேழு கன்று
என்று நினைத்தேன்.
சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்து ஒன்பதாம் நாள்.

வறுவல் சட்டிச் சின்னப்பையனுக்கு நேர்மாறு.
தீயை ஏற்று என்பார் மேனேஜர்.
விறகைக் குறை என்பார் முதலாளியின் மருமகன்.
இரண்டும் வேண்டாம், எண்ணெயைத் தடவு
என்பார் எப்போதாவது வரும் பங்காளி.
யார் பேச்சைத்தான் கேட்பீர்கள் என்றேன்.
"யார் பக்கத்துல நிக்கறாங்களோ அவங்க பேச்சு"
வருத்தமே இல்லாமல் சொன்னார்.
அன்றைய ஈட்டில் பாதி கருகல், பாதி பச்சை.

புரட்டாசியில் அந்தச் செவ்வாய்க்கிழமை
களம் கொள்ளாத வெள்ளை.
பாவாயிதான் முதலில் பார்த்தாள்,
மலையின் தோள் காணாமல் போனதை.
சேர்வராயன் முக்காடு போட்டால்
முக்கால் மணியில் அயோத்தியாப்பட்டணம் நனையும்,
இது அவள் கணக்கு.
மேஸ்திரியிடம் சொன்னாள்.
மேஸ்திரி சூப்பர்வைசரைத் தேடிப் போனான்.
சூப்பர்வைசர் மேனேஜருக்கு,
மேனேஜர் மருமகனுக்கு,
காயும் சரக்கில் கைவைக்க எனக்கேது உரிமை என்று
மருமகன் மாமனாருக்கு.
மாமனார் திருச்செங்கோட்டில் கல்யாணப் பந்தியில்.
நாயனச் சத்தத்தில் போன் கேட்கவில்லை.

தள்ளுபலகையைப் பிடித்தபடி பாவாயி நின்றாள்,
அவள் பின்னால் இருபத்தொரு பெண்கள்,
காலடியில் சுருட்டிய தார்ப்பாய்.
அனுமதி தார்ச்சாலையில் சுற்றிக்கொண்டிருக்க
மழை குறுக்குவழியில் வந்தது.

அறுபத்திரண்டு மூட்டை.
ஜவ்வரிசி வீங்கி, ஒன்றோடொன்று ஒட்டி,
இரவுக்குள் போஸ்டர் ஒட்டும் பசை.

"யார் பொறுப்பு?"
வெற்றிலைச் சிவப்பு மாறாத வாயோடு முதலாளி.
எல்லோரும் பாவாயியைப் பார்த்தோம்.
ஆமாம், நானும்தான்.
பொறுப்புக்குப் படியிறங்க
ஒரு நொடி போதுமாக இருக்கிறது.
உரிமைக்கு மட்டும் எப்போதும் முழங்கால் வலி.

அன்றிரவு வேறு தாள் எடுத்தேன்.
அவருக்கு ஐந்து கோடு, அதற்குமேல் கிடையாது.
சின்னப்பையனுக்கு ஒன்றே ஒன்று.
(மருமகன் நாலு நாள் என்னோடு பேசவில்லை.)
பால் தொட்டிக்கும் வறுவலுக்கும் ஒரு குறுக்குக்கோடு:
புளிக்கும் மாவு மேலே போய்
இறங்கி வரும்வரை காத்திருக்காது,
பேசி முடித்துவிட்டுத் தகவல் சொன்னால் போதும்.
களம் என்று எழுதிய கட்டத்தில் பாவாயி.
அவள் பெயருக்குக் கீழே:
மலை மறைந்தால் அள்ளலாம். கேட்க வேண்டாம்.

அந்த 'வேண்டாம்' மீது
முதலாளியின் விரல் நெடுநேரம் இருந்தது.

ஐப்பசியில் ஒருநாள் அள்ளச் சொன்னாள்.
இருபத்தொரு பேரும் ஓடி ஓடி வாரி மூடினார்கள்.
மேகம் மலையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு
அரூர்ப் பக்கம் போய்விட்டது.
ஒரு நாள் வெயில் வீண், ஒரு நாள் கூலி வீண்,
லாரிக்காரனுக்குக் காத்திருப்புப் பணம் வேறு.

மறுநாள் காலை
படத்தை எடுத்து வரச் சொன்னார் அர்த்தநாரி.
பேனா திறந்திருந்தது.
பாவாயியையும் கூப்பிட்டிருந்தார்.
நனையாத சரக்கு இன்றைக்கும் காயும் என்றேன்.
தப்பவே கூடாது என்றால்
அந்தக் கட்டத்தில் யார் பெயரும் நிற்காது,
உங்கள் பெயர் உட்பட என்றேன்.
இதைச் சொல்லும்போது என் குரல் நன்றாக இல்லை.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார்.
அங்கிருந்து தெரிவது சாக்குக் குடோன் சுவர்.
கொஞ்சம் கழித்துக் கேட்டார்,
"மல எப்படி இருக்குது இன்னைக்கி?"

"தெளிவா இருக்குதுங்க.
பரப்பச் சொல்லிட்டுத்தாங்க வந்தேன்."